தஞ்சாவூர் வாளும் கொஞ்சம் கணக்குப்பதிவியலும்

2025 ஆகஸ்டில் நாக்பூர் ரகுஜி போன்ஸ்லேயின் வாள் லண்டனிலிருந்து மும்பை வந்து இறங்கியதும் ஊரே கொண்டாடியது. சோத்பி ஏலத்தில் மகாராஷ்டிர அரசு கொடுத்த விலை ரூ.47.15 லட்சம். உடனே நம்மாட்கள் சிலர், "தஞ்சாவூரை ஆண்டவங்களும் போன்ஸ்லேதானே, தமிழ்நாடு அரசும் நம்ம வாளை ஏலத்தில் எடுக்கட்டும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். கூடவே கூடாது என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாங்க :-)

முதலில் நம் வாள்கள் என்னவாயின? 1855ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்ஜியத்தை மட்டுமல்ல, அரண்மனைச் சொத்தையும் சேர்த்தே பூட்டியது. ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு சென்னையில் ஜெயித்தார். 1859ல் லண்டன் பிரிவி கவுன்சில், "இது அரசின் செயல், நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது" என்று கையை விரித்துவிட்டது. (சட்டம் படிக்கிற நண்பர்களுக்கு இன்றைக்கும் இது பாடம்.) பிறகு 1862ல் சொத்து ராணிகளிடம் திரும்பியது. ஆனால் ஆயுதச்சாலையின் கதை வேறு. நல்லதாகப் பொறுக்கியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. மிச்சத்தில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியே 1878ல் இதை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அந்த இரும்பு எந்தக் கொல்லன் பட்டறையில் ஏர்க்கொழுவாகவும் கதிர் அரிவாளாகவும் மாறி நம் வயலிலேயே தேய்ந்ததோ! தப்பித்தவை கைமாறிக் கைமாறிப் போயின. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் தஞ்சாவூர்க் கட்டாரிகளில் சில, ஜார்ஜ் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் 1935ல் உயிலில் எழுதி வைத்தவை.

இங்கே எடைக்குப் போட்ட சரக்கு அங்கே எப்படிப் பொக்கிஷம் ஆகிறது? இரும்பு அதேதான். கூடவே வரும் கதைக்குத்தான் விலை. எங்கள் பாஷையில் சொன்னால் நற்பெயர், குட்வில். ஜப்பானில் 1945 வரை ராணுவக் கல்லூரியில் முதல் வரிசையில் தேறியவர்களுக்குப் பேரரசர் பெயரில் வாள் கொடுத்தார்கள். அதில் 'பேரரசர் அளித்தது' என்று பொருள்படும் இரண்டே எழுத்து. அந்த இரண்டு எழுத்துக்காகச் சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். சரி, அதுவாவது கொடுத்தவர் சொத்து, கொடுத்தார்.

நம் பக்கம்? 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் திப்புவின் படுக்கையறை வாளை எடுத்து, தங்கள் தளபதி பெயர்டுக்கு 'அன்பளிப்பாக' வழங்கினார்கள். 2023ல் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அது 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போனது. யார் வீட்டுச் சொத்தை யார் யாருக்குப் பரிசளிப்பது? பி.காம் இரண்டாம் வருஷப் பையனைக் கேளுங்கள். தனக்கில்லாத உரிமையை எவனும் அடுத்தவனுக்கு மாற்றித் தர முடியாது, சரக்கு விற்பனைச் சட்டத்தில் பாலபாடம். சொத்துரிமை மாற்றச் சட்டம் 122வது பிரிவுப்படி பரிசு என்றால் தானாக முன்வந்து, கைம்மாறு இல்லாமல் தருவது. 1875-76ல் வேல்ஸ் இளவரசர் சுற்றி வந்தபோது நம் மகாராஜாக்கள் வரிசையில் நின்று வாளும் கட்டாரியும் நீட்டினார்களே, அவர்களில் எத்தனை பேரால் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க முடியும்?

ரகுஜி வாளைப் பற்றிய செய்திகளையே பாருங்கள். 1817 சண்டைக்குப் பிறகு கொள்ளையாகப் போயிருக்கலாம், பரிசாகவும் போயிருக்கலாம் என்று ஒரே மூச்சில் எழுதினார்கள். அந்த 'லாம்'களுக்கு நடுவில்தான் 47 லட்சம். அரசாங்கமே காசு கொடுத்து வாங்கிவிட்டால் அப்புறம் எங்கே போய் உரிமை கேட்பது? விற்றவன் சுத்தமானவன் ஆகிவிடுகிறான். அடுத்த வாளுக்கு இன்னும் நாலு மடங்கு சொல்லுவான், வாங்கத்தான் ஓர் அரசாங்கம் இருக்கிறதே!

"அரசு வாங்காவிட்டால் தனியார் அடித்துக்கொண்டு போய்விடுவானே?" நியாயமான கேள்விதான். விஜய் மல்லையா 2003ல் ஏலத்தில் எடுத்த திப்பு வாள், குடும்பத்துக்கு ராசியில்லை என்று யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டதாக 2018ல் செய்தி வந்தது. போயே போச்சு. அதற்காகத் திருட்டுச் சந்தையில் நாமும் போய்க் கையைத் தூக்க வேண்டுமா? ஏலம் அறிவித்த அன்றே, எப்படி உங்கள் கைக்கு வந்தது, காகிதத்தைக் காட்டு என்று கேளுங்கள். வவுச்சர் இல்லாத பதிவை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

அதைவிட முக்கியம், தஞ்சாவூர் ஆயுதங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே இருக்கின்றன. நம் அரசின் சொத்து. அவை இருந்த ஆயுத கோபுரம் தஞ்சை அரண்மனையில் இன்னும் நிற்கிறது. அதே வளாகத்தில் தரங்கம்பாடியில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைக் காட்ட இடம் இருக்கிறது! ஒரு பத்திருபது வாளையும் கட்டாரியையும் கடனாகக் கொண்டுவந்து, இது எப்போது யார் கையால் சென்னைக்குப் போனது, கூட இருந்தவை எடைக்குப் போன கதை என்ன என்று தமிழில் எழுதி வையுங்கள். லாரி வாடகை, இன்சூரன்ஸ், கண்ணாடிப் பெட்டி, காவலுக்கு ஆள், எல்லாம் சேர்த்தாலும் 47 லட்சம் ஆகாது.