பாலரும் இணையமும்

2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் அடைபட்டபோது, கைப்பேசியே பல சிறார்க்கு வகுப்பறையாயிற்று. பள்ளிகள் திறந்த பின்னும் அக்கருவி அவர்தம் கையைவிட்டு நீங்கிற்றில்லை. ஆதலின், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளை இணையத்தின் அபாயங்களினின்றும் காப்பது எங்ஙனம் என்பது நாம் ஆராயத்தக்க விஷயமேயாம்.

சட்டமே போதும் என்பார் சிலர். அமெரிக்க நாட்டில் 1998-இல் இயற்றப்பெற்ற சட்டம், 13 வயது நிரம்பாதாரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டலாகாதென விதித்தது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுச் சட்டமோ 18 வயது நிரம்பாதார் யாவரையும் சிறாராகவே கொண்டது. இவை நன்றே. ஆயினும், எட்டு வயதுச் சிறுவனுக்குக் கணக்குத் தொடங்கும் தந்தையே பிறந்த ஆண்டைப் பொய்யாகப் பதிந்தால் யாது பயன்? அத்தளம் அவனை வயது வந்தோனாகக் கருதும். சிறார்க்கென வகுத்த காவல்கள் அவனுக்கு இல்லாதொழியும். வேலியை வீட்டாரே பிரித்துவிட்டனர். பொய்யுரைத்தால் வாயில் திறக்கும் என்னும் பாடத்தையும் பிள்ளை உடன் கற்கின்றான்.

இனி, கடிந்து தடுத்தலே வழியென்பாரும் உளர். அறியாதான் ஒருவன் படங்கேட்டபோது, சொன்னால் கைப்பேசியைப் பறிப்பரே என்றஞ்சி வாய்மூடும் சிறுமியின் மௌனம் அத்தீயோனுக்கே துணையாகும். ஆதலின், பெயர், முகவரி, படம், கடவுச்சொல் இவற்றை அயலார்க்கு அளித்தலாகாதென்று கற்பிப்பதோடு, எது நேரினும் அஞ்சாது சொல்லலாம் என்னும் உறுதியையும் வீடும் பள்ளியும் அளித்தல் வேண்டும். சிறார் உதவி எண்ணாகிய 1098-ஐயும் அவர்கள் மனப்பாடமாக அறிதல் நன்று.

மாணவ நண்பர்களே! இக்கருவியைப் பெற்றோரினும் நன்கறிந்தவர் நீவிர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால், தம்பி தங்கையரின் கணக்கிலுள்ள பிறந்த ஆண்டை முதற்கண் திருத்துமின். அதனாற் கணக்கு மூடப்படினும் நட்டமில்லை.