மழை வந்தால் வேலை நின்ற காலம் போச்சு: கெடா சாலைகளில் யார் நனைகிறார்கள்?

கெடாவுக்கு மழை என்றால் கிளந்தான், திரங்கானுவைப் போல ஆண்டிறுதி மட்டும் அல்ல. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் இங்கே இடியுடன் கூடிய மழை அதிகம். பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் கொட்டும். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் தொடங்கும் நேரமும் அதுதான்.

"மழையில் கவனமாக ஓட்டுங்கள்" என்ற அறிவுரை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரே அளவு வழி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் கார் ஓட்டுபவர்களைப் பார்ப்போம். மழை வலுத்தவுடன் நம்மில் பலர் நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாகச் சிமிட்ட விட்டுக்கொண்டே ஓட்டுகிறோம். பின்னால் வருபவருக்கு நம்மைத் தெரியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படிச் செய்தால் நாம் இடது பக்கம் போகிறோமா, வலது பக்கம் திரும்புகிறோமா என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. உண்மையிலேயே பழுதாகி நிற்கும் காருக்கும் ஓடும் காருக்கும் வித்தியாசமும் தெரியாது. சாலைப் போக்குவரத்து இலாகாவும் போலீசும் இதைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கின்றன. மழையில் போட வேண்டியது முன் விளக்கு. அதைப் போட்டால் பின் விளக்கும் எரியும். வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இடைவெளியைக் கூட்டினாலே பாதி ஆபத்து குறையும்.

டயரையும் பார்க்க வேண்டும். டயரின் பள்ளங்கள்தான் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் தேய்ந்துவிட்டால் அந்த டயர் சாலைக்கு ஏற்றதல்ல. தேய்ந்த டயர் வேகமாகப் போகும்போது தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டேரிங்கும் பேசாது, பிரேக்கும் பேசாது. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களும் ஆபத்தானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும்.

காருக்குள் இருப்பவருக்கு இவ்வளவு வழி இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு இருப்பது இரண்டே வழி: நனைந்துகொண்டே போவது, அல்லது எங்காவது ஒதுங்குவது. 2019-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 6,167 பேர் இறந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சில இடங்களில் மோட்டார் சைக்கிளோட்டிகள் ஒதுங்கக் கூரை உண்டு. அது இல்லாத இடத்தில் மேம்பாலத்தின் அடியில், அவசரத் தடத்திலேயே கூட்டமாக நிற்கிறார்கள். மழையில் தடம் மாறி வரும் ஒரு லோரி போதும். உள் சாலைகளில் பேருந்து நிறுத்தமும் கடை வாசலும்தான் அடைக்கலம்.

நம் மக்களின் கதை இங்கேதான் வருகிறது. ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. மரம் நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையில் வழிந்து வீணாகும். அன்றைய சம்பளம் போகும். ஆனால் யாரும் மழையில் சாலையில் ஓட வேண்டியதில்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் பாடாங் செராய், லூனாஸ், பீடோங், கோல கெட்டில் பக்கமிருந்து மோட்டாரில் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். இயந்திரம் மழைக்கு நிற்காது. சில இடங்களில் பத்து நிமிடம் தாமதித்தாலே வருகைக்கான அலவன்ஸ் போய்விடும். அரை மணி நேரம் ஒதுங்கி நின்றால் யார் ஈடு கட்டுவது? அதனால்தான் தெரிந்தே ஓட்டுகிறார்கள்.

அடுத்தது தோட்டச் சாலை. மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு தரும் மானியம், பதிவு செய்யப்பட்ட சாலைகளுக்கே கிடைக்கும். தோட்டத்துச் செம்மண் சாலை தனியார் நிலம். நிர்வாகம் மனம் வைத்தால்தான் கல் விழும். மழை பெய்த இரவில் குழி எது, தண்ணீர் எது என்று தெரியாத அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரைக் கடந்துதான் பெரிய சாலைக்கு வர வேண்டும்.

மலையடிவாரத்தில் ஆபத்து இன்னும் வேறு. 2021 ஆகஸ்ட் 18-இல் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான், மெர்போக் பகுதிகளில் உயிர்களைப் பறித்தது. 2022 ஜூலை 4-இல் பாலிங், குப்பாங் பகுதியில் மலையிலிருந்து மரங்களும் சேறுமாக வந்த வெள்ளத்தில் மூவர் மாண்டனர், பாலங்களும் சேதமாயின. மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லப்படும் இந்தத் திடீர் வெள்ளத்துக்கு நாம் நிற்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. மலையில் பெய்தாலே போதும். ஓடும் தண்ணீர் ஓர் அடி உயர்ந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது டயருக்கும் பொருந்தும்.

இன்று செய்யக்கூடியவை சில உண்டு. புறப்படும் முன் வானிலைத் துறையின் 'மைசுவாச்சா' செயலியைப் பாருங்கள். தொடர்மழைக்கான எச்சரிக்கையில் மஞ்சளை அடுத்து ஆரஞ்சு, அதையடுத்து சிவப்பு. சிவப்புதான் உச்சம். செய்தியைத் தோட்ட வாட்ஸ்அப் குழுவில் தமிழில் போட்டுவிடுங்கள். வேலைக்குப் போகும், வரும் வழியில் விபத்து நேர்ந்தால் சொக்சோ பாதுகாப்பு உண்டு. மருத்துவச் சான்றையும் போலீஸ் புகாரையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் ஓட்டுபவர் தலையில் கட்ட முடியாது. வேலைக்குப் போகும் பயணமும் வேலையோடு சேர்ந்ததுதான் என்று சொக்சோ சட்டமே ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால் எச்சரிக்கை வெளியான நாளில் அரை மணி நேரத் தாமதத்தைத் தொழிற்சாலைகள் பொறுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் தொழிலாளர்கள் அதிகம் போகும் சாலைகளில் நகராண்மைக் கழகங்கள் ஒதுங்கக் கூரை போடலாம். தோட்டச் சாலையை யார் பராமரிப்பது என்பதை நம் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநில அரசிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். இவை செப்டம்பர் மழைக்கு முன்பே கேட்க வேண்டியவை.