'எனக்கு டிராயிங் வராது' என்று சொல்லாதீர்கள்!



ஓவியப் பாடவேளை வந்தால் உங்களில் பலர் என்ன வரைவீர்கள்? இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை மரம். இதை அழகாக வரைந்தவருக்கு 'வெரி குட்' கிடைக்கும். அழகாக வராதவர், "எனக்கு டிராயிங் வராது" என்று முடிவு கட்டிவிடுவார். எட்டு வயதில் எடுத்த அந்த முடிவை எண்பது வயது வரை மாற்றிக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

இது சரியல்ல என்பதே என் கருத்து. மலையும் ஆறும் வரைவது ஓவியக்கலை. அது சிலருக்கு விரைவில் கைவரும், சிலருக்கு மெதுவாக வரும். ஆனால், படம் வரைவதில் இன்னொரு வகை இருக்கிறது. ஒரு பொருள் எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும் என்று அடுத்தவருக்குப் புரிய வைப்பதற்காக வரைவது. இதற்குத் தனித்திறமை எதுவும் தேவையில்லை. பென்சிலும் ஸ்கேலும் பிடிக்கத் தெரிந்தால் போதும். அ, ஆ எழுதக் கற்றதைப் போல எல்லாக் குழந்தைகளும் இதைக் கற்கலாம், கற்கவும் வேண்டும்.

ஏன் வேண்டும்? ஒரு ஸ்டூல் செய்யச் சொல்லித் தச்சரிடம் வாய்ப்பேச்சாகவே விளக்கிப் பாருங்கள். "கால் இப்படி இருக்கணும், குறுக்குச் சட்டம் இங்கே வரணும்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வீர்கள். நீங்கள் நினைத்தது ஒன்று, அவர் புரிந்துகொண்டது ஒன்று என்று ஆகிவிட்டால் மரமும் வீண், கூலியும் வீண். ஒரு சின்னப் படம் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

தாள் தட்டையானது. அதற்கு நீளமும் அகலமும்தான் உண்டு. பொருளுக்கோ உயரமும் சேர்ந்து மூன்று அளவுகள். மூன்றையும் இரண்டுக்குள் அடக்குவது எப்படி? இதற்கு மூன்று முக்கிய வழிகள் உள்ளன.

முதல் வழி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். கனச்சதுரம் வரையச் சொன்னால், ஒரு சதுரம் போட்டு, அதற்குச் சற்றுச் சாய்வாக இன்னொரு சதுரம் போட்டு, மூலைகளை இணைக்கிறீர்கள் அல்லவா? அதுதான் சாய்வுப் படம். முன்பக்கம் உள்ளது உள்ளபடி இருக்கும். பின்னோக்கிச் செல்லும் கோடுகள் பெரும்பாலும் 45 டிகிரி சாய்வில் போகும். அவற்றை முழு நீளத்துக்கு வரைந்தால் பெட்டி இழுத்துவிட்டது போலத் தெரியும். அதனால் பாதி நீளம் வரைவார்கள். அதற்குக் 'கேபினட்' படம் என்று பெயர்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரிவது போலவே வரைவது. ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும் அல்லவா? அப்படிக் கோடுகளை ஒரு புள்ளியை நோக்கிச் செலுத்துவது. இதைப் 'பெர்ஸ்பெக்டிவ்' என்பார்கள். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைச் செய்து காட்டினார். ஆல்பர்ட்டி என்பவர் 1435-இல் இதன் விதிகளை எழுதி வைத்தார். பார்க்க அழகான படம்தான். ஆனால், தூரத்தில் உள்ளது சிறிதாகிவிடுவதால், ஸ்கேலை வைத்து நேராக அளக்க முடியாது.

மூன்றாவது வழிதான் 'ஐசோமெட்ரிக்'. கிரேக்க மொழியில் 'சம அளவு' என்று பொருள். இதன் கதை சுவையானது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபாரிஷ் என்ற பேராசிரியர் இருந்தார். இயந்திரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று மாணவர்களுக்கு மாதிரிகளை வைத்தே பாடம் நடத்துவார். ஒரு பாடம் முடிந்ததும் மாதிரியைக் கழற்றி, அதே சக்கரங்களையும் தண்டுகளையும் கொண்டு அடுத்த பாடத்துக்கு வேறு இயந்திரம் பூட்ட வேண்டும். பூட்டுகிற உதவியாளர்களுக்கு எது எங்கே வரும் என்று எப்படிச் சொல்வது? பார்த்தவுடன் புரியவும் வேண்டும், அளவும் மாறக்கூடாது. அப்படி ஒரு படமுறையை விதிகளோடு விளக்கி அவர் எழுதிய கட்டுரை 1822-ஆம் ஆண்டு வெளியானது. பாருங்கள், வேலை செய்கிறவருக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறையில் வளர்ந்த முறை இது!

நீங்களே செய்து பாருங்கள். நீளம் 8 செ.மீ., அகலம் 5 செ.மீ., உயரம் 3 செ.மீ. உள்ள ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்வோம். முதலில் 3 செ.மீ.க்கு ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். அதுதான் உங்களுக்கு மிக அருகில் இருக்கும் மூலை. அதன் அடியிலிருந்து வலப்பக்கம் 8 செ.மீ., இடப்பக்கம் 5 செ.மீ. கோடுகளை, படுக்கைக் கோட்டிலிருந்து 30 டிகிரி மேல்நோக்கிச் சாய்வாக வரையுங்கள். ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள 30-60 மூலைமட்டம் இதற்குத்தான் உதவும். இரண்டு முனைகளிலும் 3 செ.மீ. செங்குத்துக் கோடு எழுப்பி, அவற்றின் உச்சிகளை நடுக்கோட்டின் உச்சியோடு இணையுங்கள். கடைசியாக, மேல் மூடிக்கு இரண்டு இணைகோடுகள். மொத்தம் ஒன்பதே கோடுகள். பெட்டி தாளிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடும்!

ஒரு விஷயம் மட்டும் கவனம். இந்த மூன்று திசைகளில்தான் ஸ்கேலை வைத்து அளக்கலாம். மற்ற திசைகளில் அளவு சரியாக வராது. கனச்சதுரம் ஒன்றை இதே முறையில் வரைந்து, மேல்பக்கத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கும். உண்மையில் இரண்டும் சமம்! வட்டமும் இந்தப் படத்தில் நீள்வட்டமாகத்தான் தெரியும்.

"இதெல்லாம் கம்ப்யூட்டரே செய்துவிடுமே!" என்று நீங்கள் கேட்கலாம். செய்யும். ஆனால், எதைச் செய்ய வேண்டும் என்று அதற்கு நாம்தான் சொல்ல வேண்டும். கால்குலேட்டர் வந்த பிறகும் வாய்ப்பாடு படிக்கிறோம் இல்லையா? அதுபோலத்தான் இதுவும். ஒரு பெட்டியைக் கையால் வரையும்போது, அதன் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று மனம் தானாகவே யோசிக்கிறது. அந்த யோசனைதான் நமக்கு வேண்டும்.

"ஒரே படத்தில் எல்லாம் தெரிந்துவிடுமா?" என்று கேட்டால், தெரியாது. பெட்டிக்கு 12 விளிம்புகள். நாம் வரைந்ததோ ஒன்பது. பின்னால் ஓட்டை இருந்தாலும் படத்தில் தெரியாது. அதனால்தான் தொழிற்சாலைகளில் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று தனித்தனியாகவும் வரைகிறார்கள்.

இன்னொன்று, தாளில் பொய்யும் சொல்லலாம். லயனல் பென்ரோஸ், அவர் மகன் ரோஜர் பென்ரோஸ் இருவரும் 1958-இல் ஒரு முக்கோணத்தை வெளியிட்டார்கள். மூன்று கட்டைகளைச் சேர்த்தது போல இருக்கும். ஒவ்வொரு மூலையும் சரியாகத் தோன்றும். ஆனால், நேரான கட்டைகளை வைத்து அதை அப்படியே செய்யவே முடியாது! அந்த மகன்தான் 2020-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நெதர்லாந்து ஓவியர் எஷர் 1961-இல் வரைந்த அருவிப் படமும் இந்த முக்கோணத்தை வைத்து வரைந்ததுதான். அதில் கீழே விழுந்த தண்ணீர் ஓடி ஓடி மறுபடியும் உச்சிக்கே வந்துவிடும். வரைமுறை தெரிந்தவருக்குத்தான் இந்த ஏமாற்று புரியும்.

அதனால் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஓர் ஓவியப் பாடவேளையையாவது இதற்கு ஒதுக்குங்கள். டப்பா, செங்கல், ஸ்டூல் என்று கண்ணெதிரே உள்ளதை வரையச் சொல்லுங்கள். 'அழகாக இருக்கிறதா' என்று பார்க்க வேண்டாம். 'இந்தப் படத்தை வைத்து இன்னொருவர் இதைச் செய்ய முடியுமா' என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். அன்றைக்கு 'வெரி குட்' வாங்கும் பெயர்கள் வேறாக இருக்கும். கடைசி வரிசையில் இருக்கும் தச்சர் மகனும், கொத்தனார் மகளும் அதில் இருக்கலாம்.

பெற்றோர்களே, "இது ஐ.டி.ஐ. படிக்கிறவர்களுக்கு", "இது ஆண்பிள்ளைகள் வேலை" என்று தள்ளிவிடாதீர்கள். மனதில் இருப்பதை அடுத்தவர் கண்ணுக்குக் காட்டத் தெரிவது எல்லாருக்கும் பயன்படும்.

குழந்தைகளே! இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள ஒரு பொருளை அளந்து, வரைந்து, நண்பரிடம் கொடுங்கள். வாயைத் திறந்து எதுவும் சொல்லாதீர்கள். அதைப் பார்த்து அவர் அட்டையில் அதே பொருளைச் செய்துவிட்டால், உங்களுக்கு டிராயிங் வரும் என்று அர்த்தம். எங்காவது தவறினால், எந்தக் கோடு அவரைக் குழப்பியது என்று கேட்டு, அதை மட்டும் திருத்தி மறுபடியும் கொடுங்கள்.