சிறு மாற்றமே சான்று

"துப்பாக்கி என்றால் துப்பாக்கிதான். அதன் குதிரை அன்னக் கழுத்தாய் வளைந்திருந்தால் என்ன, நடுவே வளையம் பெற்றிருந்தால் என்ன? தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை?" என்று ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவர் நல்ல தமிழறிஞர்; ஆயினும் அவர் கருத்தை நான் மறுக்கிறேன். மறுக்கும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் கூறிவிடுகிறேன். அது பெருமைக்குரிய கதையன்று.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக் கண்காட்சியில் பழைய கைத்துப்பாக்கி ஒன்றின் பெரிதாக்கிய படம் வைக்கப்பட்டிருந்தது. 'வீரபாண்டியக் கட்டபொம்மன் பயன்படுத்தியது' என்று அதன் கீழ் எழுதியிருந்தார்கள். பெற்றோர் வியந்தனர், நானும் வியந்தேன். என் மாணவன் ஒருவன் மட்டும் படத்தை நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, "ஐயா, அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் இருக்கும் என்று நூல்நிலையப் புத்தகத்தில் பார்த்தேன். இதில் கல்லைக் கவ்வும் வாயே இல்லையே?" என்றான். "அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். எழுதியிருப்பதைப் படி" என்றேன். அவன் தலை குனிந்தான். அதன்பின் அவன் என் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவன் கேட்டது சரியான கேள்வி என்பதைப் பின்னரே அறிந்தேன். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள். அக்காலத் துப்பாக்கியில், 'குதிரை' எனப்படும் உறுப்பு ஒரு கல்லைக் கவ்வி நிற்கும். விசையை இழுத்தால் அக்கல் எஃகுத் தகட்டில் மோதிப் பொறி பறக்கும். பொறி சிறு கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். தட்டினாலே வெடிக்கும் மருந்தைக் கொண்டு சுடும் முறைக்கு, ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத் 1807இல்தான் காப்புரிமை பெற்றார். 'கேப்பு' என்னும் சிறு செப்புத் தொப்பி அதற்கும் பிந்தியது. படத்தில் இருந்ததோ கேப்புத் துப்பாக்கி. பாளையக்காரர் உயிர்நீத்த பின் பிறந்த கருவியை அவர் கையில் கொடுத்து நாம் கைதட்டியிருக்கிறோம்!

இதோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. பழைய கல் துப்பாக்கிகள் பலவற்றைப் பிற்காலத்தில் கேப்புத் துப்பாக்கிகளாக மாற்றியமைத்தார்கள். அப்போது மருந்துக் கிண்ணத்தையும் எஃகுத் தகட்டையும் அதன் வில்லையும் கழற்றினார்கள். அவை பொருந்தியிருந்த திருகுத் துளைகளை அடைத்தார்கள். அடைத்த துளைகளின் தடம் பூட்டுத் தகட்டில் இன்றும் தெரியும். தடம் இருந்தால் கருவி பழையது, உறுப்பு புதியது. தடம் இல்லையேல் முழுக் கருவியும் பிந்தியது. மிளகளவுத் துளை ஒன்று ஒரு தலைமுறைக் காலத்தை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. இதனைச் சிறிது என்று சொல்லலாமா?

"வெள்ளைக்காரனின் ஆயுதம் நமக்கு எதற்கு?" என்போர்க்கு நம் பினாங்கையே விடையாகக் காட்டுகிறேன். 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். அக்காலத்தில் கம்பெனியின் துப்பாக்கிப் பூட்டில் ஓர் இதய வடிவம் பொறிக்கப்பட்டிருக்கும். அது நான்கு பிரிவாகப் பகுக்கப்பட்டு, பிரிவுக்கு ஓர் எழுத்தாக வி, ஈ, ஐ, சி என நான்கு ஆங்கில எழுத்துகளைத் தாங்கி, தலையில் 4 என்னும் எண் போன்ற குறியோடு விளங்கும். சரக்குப் பொதிகளின் மேல் இட்ட வணிகக் குறியே அது. பினாங்குக்கென 1787இல் அடித்த காசுகளிலும் அதே இதயத்தைக் காணலாம். துணிப் பொதிக்கும் காசுக்கும் துப்பாக்கிக்கும் ஒரே முத்திரை! வாணிகமும் படையும் ஒரே கையில் இருந்தன என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடநூல் சொல்லும்?

பின்னர், 1808ஆம் ஆண்டை ஒட்டி, துப்பாக்கியில் இதயம் மறைந்து, பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிங்கம் தோன்றியது. 1810ஆம் ஆண்டுப் பினாங்குக் காசிலும் பொதிக்குறி போய்க் கம்பெனியின் அரசச் சாயல் கொண்ட சின்னம் வந்தது. வணிகன் ஆள்பவனாகத் தன்னை எண்ணத் தொடங்கிய மனமாற்றம் இந்த முத்திரை மாற்றத்தில் தெரிவதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதே காலத்தில், 1809இல், பிரிட்டிஷ் படையின் நீள்துப்பாக்கியில் அன்னக் கழுத்துக் குதிரை நீங்கி, எளிதில் முறியாத வளையக் கழுத்துக் குதிரை இடம்பெற்றது. நண்பர் நகைத்த அந்தக் கழுத்துக்கும் ஆண்டு உண்டு, காரணமும் உண்டு.

இக்கருவிகளைச் சுமந்தவர் யார்? சென்னைப் படையின் சுதேசிக் காலாட்படையினர் இத்தீவிலும் மலாக்காவிலும் காவல் இருந்தனர். 1831-32இல் நானிங் போரிலும் ஈடுபட்டனர். அவருள் தமிழர் பலர். அவர்களின் பெயரும் நாட்குறிப்பும் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் தோளில் சுமந்த இரும்பு மட்டும் எஞ்சியது. அந்த இரும்பைப் படிக்க மறுப்பவன் தன் முன்னோரைப் படிக்க மறுக்கிறான்.

"இது தமிழாசிரியரின் துறையன்று" என்பதும் பொருந்தாது. இத்துறையில் நம்மைவிடப் பழகிய கண் யாருக்கு உண்டு? உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி ஓர் எழுத்தின் வேறுபாட்டையும் பாடபேதமாகக் குறித்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது அந்த உழைப்பால் அன்றோ? கல்வெட்டறிஞர் எழுத்தின் வளைவைக் கொண்டு நூற்றாண்டு சொல்கிறார். 'லை', 'னை' என்பவற்றின் பழைய துதிக்கை வடிவத்தைக் கண்டதும், இது 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தைத் தழுவாத அச்சு என்று நாமே கூறிவிடுகிறோம். ஏட்டில் செல்லும் கண் இரும்பில் ஏன் செல்லக்கூடாது?

சிறு அடையாளத்தை மதியாத சமூகம் எளிதில் ஏமாறும். 2015இல் லண்டனில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் திப்பு சுல்தானைச் சார்ந்த படைக்கலத் தொகுப்பு ஏறத்தாழ 60 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. திப்புவின் பட்டறைத் துப்பாக்கிகளில் புலிவரி உண்டு. அவர் வகுத்த மௌலூதி ஆண்டுக் கணக்கு உண்டு. இணைத் துப்பாக்கிகளாயின் ஒன்றன் பூட்டு வலப்புறமும் மற்றதன் பூட்டு இடப்புறமும் அமைந்திருப்பதும் உண்டு. இத்தகைய விலை இருக்கும் உலகில் போலிகளுக்குக் குறைவிருக்குமா? கேப்பாக மாற்றிய துப்பாக்கியை மீண்டும் கல் துப்பாக்கியாக்கி விலையேற்றும் வித்தையும் வணிகத்தில் உண்டு. பளபளப்புக்காகப் பழம்பொருளைத் தேய்த்துத் தேய்த்து முத்திரையை அழிக்கும் அறியாமையோ, போலியினும் கொடியது. போலி ஒரு பொய்யைச் சேர்க்கிறது. தேய்ப்பு ஓர் உண்மையை அழித்தேவிடுகிறது.

"கட்டபொம்மன் மீதுள்ள பற்றைக் குலைக்கலாமா?" என்று சிலர் வருந்தக்கூடும். கயத்தாற்றில் நிமிர்ந்து நின்ற வீரனுக்குப் பொய்த் துப்பாக்கி ஒன்று பெருமை சேர்க்க வேண்டுமா? பொய்ச் சான்றைப் பகைவன் ஒருநாள் உடைப்பான். அன்று மெய்ச் சான்றையும் சேர்த்தே நகைப்பான்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களைத் துப்பாக்கி சேர்க்கச் சொல்லவில்லை. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடுமையானது. அதனை மதிப்பது நம் கடமை. சேர்ப்பதற்கு உரிமம் வேண்டும்; பார்ப்பதற்குக் கண் போதும். மாணவரைக் கோர்ன்வாலிஸ் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள ஸ்ரீ ரம்பை பீரங்கிக்குப் பிள்ளைவரம் வேண்டி மலர் வைத்த கதையை எல்லாரும் சொல்வர், சொல்லட்டும். நீங்கள் அதன் உடலைப் படிக்கச் சொல்லுங்கள். அடிவளையத்தில் வார்த்தவர் யான் பர்கர்ஹாய்ஸ் பெயரும் 1603 என்னும் ஆண்டும் உள்ளன. மேலே டச்சுக் கம்பெனியின் முத்திரை உள்ளது. அதனையடுத்து, 1613இல் அச்சே ஜொகூரை வென்றதைக் கூறும் ஜாவி எழுத்து உள்ளது. டச்சுக்காரர் வார்த்து, ஜொகூர் பெற்று, அச்சே கவர்ந்து, சிலாங்கூர் அடைந்து, 1871இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய பீரங்கி அது. அதன் வரலாற்றின் முற்பகுதியை அதன் மேனியே சொல்கிறது.

கேட்டதை எழுதுமுன் கண்டதை எழுதுமாறு மாணவருக்குப் பணியுங்கள். 'எத்தனை துளை, எந்த முத்திரை, எந்த வளைவு' என்று அவர்கள் வரைந்து காட்டட்டும். அவருள் ஒருவன் எழுந்து, "ஐயா, எழுதியிருப்பதும் இருப்பதும் ஒன்றாக இல்லையே?" என்று கேட்டால், அவனை அமரச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொன்னேன். அந்தப் பிழையைத் திருத்த எனக்கு இன்றுவரை வாய்ப்புக் கிட்டவில்லை.