மலை இறங்கும் நோயாளியோடு குறிப்பும் இறங்க வேண்டும்

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளச்சாராயம் குடித்துக் கருணாபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே புகாரைச் சொல்லவில்லை. வயிற்றுவலி, வாந்தி, கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று ஆளுக்கொன்று. மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவருக்கு அந்த மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரமாகும். அதுவரை அவர் வெறும் போதையில் கிடப்பவர்போலத்தான் தெரிவார். தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகமே சாராயம் காரணமல்ல என்றுதான் சொன்னது. பிறகு சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று நோயாளிகள் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

விற்றவர்களும் விற்கவிட்டவர்களும் பதில் சொல்ல வேண்டிய குற்றம் அது. அந்த விசாரணை தன் வழியில் நடக்கட்டும். மருத்துவமனையின் பக்கம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. அவசரப் பிரிவில் நோயாளியை முதலில் தொடுகிறவர் செவிலியர். அவர் கண்டதை, சேலத்தில் படித்தாலும் புதுச்சேரியில் படித்தாலும் ஒரே பொருள் தரும்படி எழுதிவைக்க நாம் அவருக்கு என்ன ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறோம்? பார்வை எப்படி, கடைசியாகக் குடித்தது எப்போது, நினைவு எந்த அளவில் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரே வரிசையில் பதிவானால், ஐந்தாவது ஆள் வரும்போதே ஒரு கூட்டு நஞ்சேற்றம் கண்ணில் பட வாய்ப்புண்டு. ஒருவருக்கு ஒரு மாதிரியும் அடுத்தவருக்கு வேறு மாதிரியும் எழுதினால் ஐந்தும் ஐந்து தனி நோயாகவே நிற்கும்.

தமிழ்நாட்டு வார்டுகளில் நர்ஸஸ் நோட்ஸைப் புரட்டியவர்களுக்கு இந்த வாக்கியங்கள் பழக்கமானவை: 'பேஷண்ட் கம்ஃபர்டபிள்', 'வைட்டல்ஸ் ஸ்டேபிள்', 'டாக்டர் ஆர்டர்படி மருந்து கொடுக்கப்பட்டது'. எழுதியவர் இரவு முழுக்க நின்று உழைத்திருப்பார். காலையில் பொறுப்பேற்கிறவருக்கு அந்த உழைப்பில் எதுவும் இந்த வாக்கியங்களிலிருந்து கிடைக்காது. 1974-இல் கிளாஸ்கோவில் மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் நினைவின் அளவுக்கு எண் கொடுத்த பிறகு, தலைக்காயத்தோடு வருகிறவரைப் பற்றி உலகின் எந்த மூலையிலும் ஒரே அளவுகோலில் பேச முடிகிறது. செவிலியர் பார்க்கும் மற்றவற்றுக்கும் அதே ஒழுங்கு வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இதன் தேவை இன்னும் கூர்மையானது. சேராப்பட்டுப் பக்கத்துக் கர்ப்பிணி ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், 108, கள்ளக்குறிச்சி, தேவைப்பட்டால் சேலம் என்று அவர் கைமாறிக்கொண்டே போவார். மலையிலேயே மெக்னீசியம் சல்ஃபேட் முதல் டோஸ் போட்டிருந்தால், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது கீழே இருப்பவருக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் மறுபடி முழு டோஸ் போட்டால் மூச்சே அடங்கிப்போகலாம். முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மணிக்கு எவ்வளவு சிறுநீர், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பார்ப்பது செவிலியரின் வேலை. அவர் பார்த்தது அடுத்த கைக்குப் போய்ச் சேரவில்லையென்றால் அந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு 'ரத்தப்போக்கு அதிகம்' என்று எழுதுவதும் அப்படித்தான். 500 மில்லிலிட்டரைத் தாண்டியதா என்பதில்தான் அடுத்து எடுக்கும் முடிவு இருக்கிறது. இந்த மலை மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் வாகனமும் கேட்கும்போது ஒரே சீரான குறிப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இது புதிய யோசனையல்ல. மருத்துவமனைகள் எல்லாம் ஒரே படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தயாரித்த திட்டம் 1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில் விவாதிக்கப்பட்டது. 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கிறிஸ்டீன் கெபியும் மேரி ஆன் லேவினும் கூட்டிய மாநாட்டிலிருந்து வளர்ந்ததுதான் நம் செவிலியர் கல்லூரிகளில் மாணவிகள் மனப்பாடம் செய்யும், செவிலிய நோயறிதல்களின் 'நாண்டா' பட்டியல். நான்கு வருடம் அதை வைத்து கேர் பிளான் எழுதிவிட்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர்கள் அதை மறந்துவிட நேர்கிறது. கற்பித்ததை வார்டில் வீணாக்கும் இந்த வழக்கம் நமக்கு வேதனை தருகிறது.

வெளிநாட்டுப் பட்டியல் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாண்டா உரிமம் பெற்றுப் பயன்படுத்த வேண்டியது. அமெரிக்கச் சூழலில் பிறந்ததும்கூட. ஆனால் பன்னாட்டுச் செவிலியர் பேரவை உருவாக்கிய ஐசிஎன்பி சொல்தொகுதி 2021 முதல் ஸ்னோமெட் சிடி என்ற பொது மருத்துவச் சொல்தொகுதிக்குள் வெளியாகிறது. இந்தியா 2014 முதல் ஸ்னோமெட் அமைப்பின் உறுப்பு நாடு. உறுப்பு நாட்டுக்குள் தனியாக உரிமக் கட்டணம் கிடையாது. பணம் தடையில்லாதபோது தயக்கம் ஏன்?

பெரிய எதிர்ப்பு செவிலியர்களிடமிருந்தே வரும். தொகுப்பூதியத்தில், ஒரு ஷிஃப்டில் தாங்க முடியாத எண்ணிக்கையில் நோயாளிகளைப் பார்க்கிறவரிடம் இன்னும் எழுது என்றால் கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தின் பக்கம்தான் நாமும் நிற்கிறோம். ஆனால் ஒன்றை அவர்கள் யோசிக்க வேண்டும். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டதும், பயந்துபோன தாய்க்கு அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கியதும் எந்தக் கணக்கிலும் ஏறாதவரை, கூடுதல் பணியிடம் கேட்கும்போது அரசின் முன் வைக்க அவர்களிடம் ஆதாரம் இருக்காது. மருந்துக்குக் கணக்கு இருக்கிறது, அறுவை சிகிச்சைக்குக் கணக்கு இருக்கிறது. செவிலியரின் உழைப்புக்கு மட்டும் பெயருமில்லை, எண்ணுமில்லை.

எனவே மக்கள் நல்வாழ்வுத் துறை கள்ளக்குறிச்சி மாவட்டத்திலிருந்தே இதைத் தொடங்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டாம். பிரசவம், வலிப்பு, நஞ்சு, பாம்புக்கடி, சுயநினைவின்மை ஆகியவற்றுக்கு வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையம் முதல் சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை ஒரே குறிப்புத்தாள், ஒரே சொற்கள், ஒரே அளவுகள் போதும். சொற்களை முடிவு செய்யும் குழுவில் மலையில் வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர்கள் இருந்தாக வேண்டும். மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் உடல் நோவை எப்படிச் சொல்கிறார்கள் என்பது சென்னையில் இருப்பவர்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அந்தச் சொல்வழக்குகளைத் திரட்டி, எது எந்தப் பொதுச்சொல்லின் கீழ் வரும் என்று வரையறுப்பது அவர்களால்தான் ஆகும்.

கிராம சுகாதார செவிலியர்கள் ஏற்கெனவே பதிவேடுகளிலும் பிக்மி போன்ற இணையப் பதிவுகளிலும் மூழ்கிக் கிடக்கிறார்கள். புதிய தாளுக்கான ஆணை வெளியாகும்போது, அதற்குப் பதிலாக எந்தெந்தப் பழைய பதிவேடுகள் நிறுத்தப்படுகின்றன என்ற பட்டியலும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும்.