கட்-அவுட்டும் கழுத்தளவு வெள்ளமும்



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதையும் தன்னம்பிக்கைக் கட்டுரையும்தான் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அடியேன் ராயகிரிக்காரன், எலெக்ட்ரிக்கல் இறுதியாண்டு. கவிதை நமக்கு வராது. மனசில் பட்டதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கோபப்படுகிறவர்கள் கேன்டீனுக்கு வந்து கோபப்படலாம். டீ என் செலவு!

எங்கேயாவது வெள்ளம், புயல் என்றால் ஹாஸ்டலில் எழும் முதல் கேள்வி என்ன? "எந்த நடிகர் எவ்வளவு குடுத்தாரு?" எங்க ஆளு இவ்வளவு, உங்க ஆளு எவ்வளவு என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாதம் நடக்கும். அங்கே தண்ணிக்குள்ள நிக்கிறவன் கதையை யாரும் கேட்க மாட்டார்கள். இது சரிதானா?

நம்ம பக்கத்து வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம நான்கு தென் மாவட்டமும் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அதிகம்! குளங்கள் உடைந்தன. தாமிரபரணி இரு கரையையும் மீறி ஓடியது. எத்தனையோ கிராமங்களுக்குக் கரண்டும் இல்லை, போனும் இல்லை, ரோடும் இல்லை.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போயிருந்தன. ரயிலில் சுமார் 800 பேர். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தாலே குலை நடுங்குகிறது. சிக்கியவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்திலுள்ள புதுக்குடி கிராமத்து மக்கள். அவர்களும் வெள்ளத்துக்குள் இருந்தவர்கள்தான். அவர்களுக்கு எந்த ஊரில் கட்-அவுட் இருக்கிறது?

நட்சத்திரங்கள் செய்தது தப்பா?

தப்பு என்று நான் சொல்லவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே. பாலாஜியும் இளைஞர்களைத் திரட்டி இறங்கி வேலை செய்தார்கள். 2023-இல் இயக்குநர் மாரி செல்வராஜ் மீட்புப் பணிக்குப் போனபோது, "சினிமாக்காரருக்கு இங்கே என்ன வேலை?" என்று சிலர் கேட்டார்கள். அவர் அந்த வட்டாரத்திலேயே பிறந்தவர். சொந்த ஊர் முங்கும்போது போகாமல் வேறு எப்போது போவது? அதே டிசம்பர் 30 அன்று நடிகர் விஜய் நெல்லைக்கு வந்து நிவாரணப் பொருள் கொடுத்தார். வாங்கியவர்களுக்கு அது உதவிதான். ஆனால் மறுநாள் நம்ம பேச்சில் மிஞ்சியது என்ன? அவர் போட்டிருந்த சட்டையும், கூட்டத்தில் எடுத்த செல்ஃபியும்! குளம் ஏன் உடைந்தது, கரையைப் பலப்படுத்தினார்களா என்று ஒருவரும் பேசவில்லையே!

இன்னொரு காட்சியும் உண்டு. அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னை காரப்பாக்கத்தில் இந்தி நடிகர் ஆமிர் கானும் நம்ம விஷ்ணு விஷாலும் சிக்கிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறைப் படகு வந்துதான் கூட்டிப்போனது. திரையில் பத்துப் பேரை அடிக்கிறவரும் வெள்ளம் வந்தால் படகுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். படகோட்டுகிறவர்தான் அன்றைக்கு ஹீரோ!

கொடுப்பதிலும் ஒரு கணக்கு உண்டு

நிவாரணம் என்றால் மனசு இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். போதாது நண்பர்களே! 2005 டிசம்பர் 18, சென்னை எம்.ஜி.ஆர். நகர். வெள்ள நிவாரண டோக்கன் வாங்க விடியுமுன்பே மழையில் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 42 பேர் இறந்தார்கள். வெள்ளத்துக்குத் தப்பியவர்கள் நிவாரணத்துக்குப் பலியானார்கள். வரிசை, நேரம், சரியான தகவல் மூன்றும் இல்லாவிட்டால் உதவியே ஆபத்தாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் குவிந்து நனைந்து வீணான பழந்துணிகள் இன்னொரு பாடம்.

2023-இல் எங்க ஊர்ப் பசங்க அரிசி, பாய், பழைய துணி எல்லாம் சேர்த்து ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனோம். மெயின் ரோட்டு ஊரில் ஏற்கெனவே மூன்று வண்டி நின்றது. உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்துக்குப் போனபோது ஒரு ஆச்சி சொன்னார்: "துணி கெடக்கட்டும் ஐயா. மோட்டார் மண்ணடிச்சுக் கெடக்கு, குடிக்கத் தண்ணி ஏறல. அதப் பாக்கத் தெரிஞ்சவுக யாரும் வந்திருக்கீகளா?"

அந்த ஒரு கேள்வியில் நம்ம மூன்று வருஷ சிலபஸ் இருக்கிறது!

வெள்ளம் புகுந்த வீட்டில் மெயினைப் போடுமுன் வயரிங்கைச் சோதிக்க வேண்டும். நனைந்த மோட்டாரைக் கழுவி, காயவைத்து, மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்த்த பிறகுதான் ஓட்ட வேண்டும். தண்ணி புகுந்த பைக்கை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும் என்பது மெக்கானிக்கல் தம்பிகளுக்குத் தெரியும். எந்தச் சுவர் நிற்கும், எது விழும் என்று சிவில்காரர்கள் பார்க்கலாம். எந்தத் தெருவுக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று கம்ப்யூட்டர்காரர்கள் பட்டியல் போடலாம். கோடி ரூபாய் செக்கைவிட இது குறைந்ததா?

யார் முன்மாதிரி?

என் கருத்து இதுதான். எவருடைய செயலை நானும் செய்ய முடியுமோ அவரே எனக்கு முன்மாதிரி. கோடி ரூபாய் கொடுப்பவரைப் பாராட்டலாம். பின்பற்ற முடியாது, பாக்கெட்டில் பஸ் பாஸ்தான் இருக்கிறது! கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று இறந்தபோது அவருடைய கண்கள் தானமாக வழங்கப்பட்டு நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது. அதைப் பார்த்து அவருடைய ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கண்தானத்துக்குப் பதிவு செய்தார்கள். நட்சத்திரத்தால் நடக்கக்கூடிய உண்மையான நன்மை இதுதான். ரசிகன் கைதட்டுவதோடு நிற்காமல், தானும் ஒரு காரியம் செய்கிறான்.

ஆகவே நம்ம மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். விழாச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி ஒரு நிவாரணப் பெட்டி வாங்குவோம். மெக்கர், டெஸ்டர், ஸ்பேனர் செட், கயிறு, டார்ச், ரப்பர் கிளவுஸ் போதும். டிபார்ட்மெண்டுக்கு ஐந்து பேர், பொறுப்புக்கு ஓர் ஆசிரியர். அக்டோபர் மாதம் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருநாள் பயிற்சி. தாலுகா அலுவலகத்தில் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவைப்போம். அவர்கள் கூப்பிட்ட இடத்துக்கு மட்டும் போவோம். நாமே ஒரு கூட்டமாகிப் போய் இடைஞ்சல் ஆக வேண்டாம்.

முதல் காட்சிக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் விசில் அடிக்கிறவன்தான். விசில் அடிக்கிற வாய் அடிக்கட்டும். கை மட்டும் ஸ்பேனரை மறக்காமல் இருக்கட்டும். அடுத்த மழை தேதி சொல்லிவிட்டு வராது, மக்கா!