கலிங்கை அடைத்தவர்கள் யார்?

"கடவுள் செயல்!" - கனவான்கள் கண்டுபிடித்த காரணம் இது. 1889 மே 31-ம் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா ராஜ்யத்து ஜான்ஸ்டவுன் என்ற இரும்பாலை நகரை, மண்ணணை உடைந்த வெள்ளம் வாரிச் சென்றது. மாண்டவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்கள் பூண்டோடு அழிந்தன.

நாம் கேட்கிறோம்: அணை யாருடையது? 14 மைலுக்கு மேலே மலையில் கேளிக்கை நடத்திய சௌத் ஃபோர்க் மீன்பிடி வேட்டைக் கிளப்புடையது. கார்னெகி, ஃப்ரிக் முதலிய உருக்குச் சீமான்கள் அதன் அங்கத்தினர்கள்.

அணையைக் கட்டியதோ சர்க்கார். கால்வாய்க்குத் தண்ணீர் விடுவதற்காக 1853-ல் கட்டி முடித்தார்கள். ரயில் வந்தது, கால்வாய் வீணாயிற்று, அணை தனியார் கைக்குப் போயிற்று. ஒரு சொந்தக்காரர் அடிமதகின் இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றார். 1879-ல் வாங்கிய கிளப், குழாயைத் திரும்பப் போடவில்லை. கோச்சு வண்டி போகக் கரையின் உச்சியை வெட்டித் தணித்தது. வளர்த்த மீன் ஓடிவிடாமலிருக்கக் கலிங்கில் கம்பித் தட்டி கட்டியது!

ஏரிக்கரையில் மண் சுமந்த எந்த விவசாயத் தொழிலாளியையும் கேளுங்கள். மண்கரைக்குக் கலிங்குதான் உயிர். கரைமேல் தண்ணீர் வழிந்தால் மண்ணை அரித்துக்கொண்டே போகும். மதகும் இல்லாவிட்டால், மராமத்துப் பார்க்கத் தண்ணீரை இறக்கவும் வழியில்லை.

1880-லேயே ஜான்ஸ்டவுன் இரும்புக் கம்பெனி ஆள் அனுப்பிப் பார்த்து எச்சரித்தது. (தொழிலாளியிடம் பாசமல்ல; தங்கள் உலைகளும் கீழேதானே இருந்தன!) ஆபத்தே இல்லையென்று கிளப் பதில் எழுதியது. உடைந்த நாளன்று மழையில் நின்று, கரையை உயர்த்த மண்வெட்டி பிடித்தவர்கள் கூலியாட்கள். கம்பித் தட்டியிலோ குப்பையும் மரமும் அடைத்துக்கொண்டிருந்தன.

வழக்குப் போட்டவர்களுக்குக் கிளப்பிடமிருந்து ஒரு காசு நஷ்டஈடு கிடைக்கவில்லை. கார்னெகி பிற்பாடு நூல்நிலையம் கட்டிக் கொடுத்தார்!

பழைய கதையென்று தள்ள முடியுமா? 2018 மே மாதம் கென்யாவில் சோலாய் என்ற இடத்தில் ஒரு தனியார் தோட்டத்து மண்ணணை உடைந்தது. 40 பேருக்கு மேல் மாண்டார்கள். அனுமதியில்லாத அணை என்று அதிகாரிகள் சொன்னார்கள் - பிணங்களை எடுத்த பிறகு!

தனியார் அணையானாலும் ஆண்டுதோறும் மழைக்கு முன் சர்க்கார் இன்ஜினீயர் வந்து பார்க்கவேண்டும். அவர் எழுதும் அறிக்கையைக் கீழேயுள்ள ஊர்களில் வாசித்துக் காட்டவேண்டும். மராமத்துச் செலவு சொந்தக்காரருடையது. மறுத்தால் சர்க்கார் அணையை எடுத்துக்கொண்டு, செலவை அவர் சொத்திலிருந்து வசூலிக்கட்டும்.